ஊர்ப் பெயர்ப் பட்டியலைப் பத்திகளாகப் பிரிக்க எது பொருத்தம்: மல்டி-காலமா, கிரிடா?

ஏற்காட்டு மிளகு:

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் சித்தப்பாவின் தோட்டத்துக் காப்பிக்கொட்டையையும் மிளகையும் சேலம் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதற்காக நான் கட்டியிருக்கும் பக்கத்தில் ‘வண்டி வரும் ஊர்கள்’ என்ற தலைப்பின்கீழ் 46 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று உள்ளது. ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டால் கணினித் திரையில் இடது ஓரம் மட்டும் நீண்டுகொண்டே போய், வலப்பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. எனவே மூன்று தனித்தனி ‘யுஎல்’ பட்டியல்களாக வெட்டி, மூன்றுக்கும் ‘ஃப்ளோட்: லெஃப்ட்’ கொடுத்து அருகருகே நிறுத்தியிருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு தொல்லைகள். பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால், புதிதாகக் கருப்பூரைச் சேர்க்க வேண்டுமென்றால் முதல் பட்டியலின் கடைசிப் பெயரை இரண்டாவதற்கும், இரண்டாவதன் கடைசிப் பெயரை மூன்றாவதற்கும் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. கைபேசியில் பார்த்தாலோ மூன்றும் ஒடுங்கி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துப் பத்தியின் மேல் ஏறி நிற்கிறது. மலையில் பல இடங்களில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதால் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் எதையும் ஏற்ற விருப்பமில்லை. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளிலேயே (சிஎஸ்எஸ்) முடித்துக்கொள்ள வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை:

உண்டு. முதலில் அந்த மூன்று பட்டியல்களையும் மீண்டும் ஒன்றாக்கிவிடுங்கள். வண்டி போகும் ஊர்கள் என்பது ஒரே பட்டியல். அதை மூன்றாக வெட்டியது திரையின் அகலத்துக்காகத்தானே தவிர, பொருளில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நாளைக்கு நான்கு பத்தி வேண்டும் என்று தோன்றினால் மறுபடியும் பக்கத்தின் மூலத்தில் (ஹெச்டிஎம்எல்) கைவைக்க வேண்டியிருக்கும்.

பழைய கதையைச் சற்றே சொல்கிறேன், ஏனெனில் இணையத்தில் தேடினால் இன்றும் அந்தக் காலத்து வழிகள்தாம் முதலில் வந்து நிற்கின்றன. சிஎஸ்எஸ்-இன் முதல் பரிந்துரை 1996 டிசம்பரில் வந்தபோது பத்தி அமைப்பு என்று ஒன்று அதில் கிடையாது. ஆகவே ‘எல்ஐ’ எனப்படும் ஒவ்வொரு பட்டியல் உருப்படிக்கும் 33 விழுக்காடு அகலம் கொடுத்து இடப்பக்கம் மிதக்க விட்டோம். அப்படி விட்டால் பெயர்கள் குறுக்கே ஓடும். முதல் மூன்று பெயர்களும் முதல் கிடைவரிசையில் வந்துவிடும். அதோடு ஏதாவது ஒரு பெயர் இரண்டு வரியாக மடிந்தால், அடுத்த வரிசையின் முதல் பெயர் அந்த உயரமான பெட்டியில் முட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றுவிடும். மேலிருந்து கீழாகப் படிக்கும்படி வேண்டும் என்றவர்கள் வேறொரு வித்தை செய்தார்கள்: 17-ஆவது பெயருக்கு ஒரு கிளாஸ் கொடுத்து, பதினாறு வரி உயரத்தைக் கழித்தல் குறியோடு மேல் மார்ஜினாக (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியாக) வைத்து, பத்தியை மேலே இழுத்துக்கொண்டார்கள். எந்த வரியும் மடியாத வரைக்கும் அது அழகாக இருக்கும். ஒரே ஒரு பெயர் மடிந்தால் போதும், இரண்டாம் பத்தியின் தலை வேறெங்கோ போய் நிற்கும்.

இன்று உங்களுக்கு ஒரே ஒரு வரி போதும். பண்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன்: ‘யுஎல்’-க்கு ‘காலம்ஸ்: 3 14எம்’ என்றும், ‘காலம்-கேப்: 2எம்’ என்றும் கொடுங்கள். மல்டி-காலம் என்பது இதுதான்; ‘எம்’ என்பது எழுத்தளவையே அலகாகக் கொண்ட அளவு. இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுக்கும்போது 3 என்பது அதிகபட்சப் பத்திகள், 14எம் என்பது ஒரு பத்தி இதற்குக் கீழே ஒடுங்கக் கூடாது என்ற அளவு. இரண்டு பத்திகள் நிற்க 14-ம் 14-ம் இடைவெளி 2-ம் சேர்த்து 30எம் வேண்டும். வழக்கமான 16 பிக்சல் எழுத்தளவில் அது 480 பிக்சல். மூன்றுக்கு 46எம், அதாவது 736 பிக்சல். பட்டியலுக்குக் கிடைக்கும் அகலம் அதற்குக் குறைந்தால் உலாவி தானாகவே இரண்டுக்கும், பிறகு ஒன்றுக்கும் இறங்கிவிடும். மீடியா கொரி (திரையின் அகலத்துக்கு ஏற்ப விதியை மாற்றும் பகுதி) எதுவும் எழுத வேண்டியதில்லை.

சூரமங்கலம் ஜங்ஷன்:

பெரியவர் சொன்னதில் பட்டியலை ஒன்றாக்குவது வரை எனக்கு உடன்பாடு. அதற்குமேல் இல்லை. 2017 மார்ச் மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றும் கிரிடை (உருப்படிகளைக் குறுக்கும் நெடுக்குமான கட்டங்களில் அடுக்கும் முறையை) ஏற்றுக்கொண்ட பிறகு, செய்தித்தாளுக்கென்று வகுத்த மல்டி-காலத்தை ஊர்ப் பெயர்களுக்கு ஏன் இழுக்க வேண்டும்? ‘டிஸ்பிளே: கிரிட்’ கொடுத்து, பத்திகளுக்கு ‘ரிப்பீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(14எம், 1எஃப்ஆர்))’ என்று எழுதினால் ஒவ்வொரு பத்தியும் குறைந்தது 14எம் அகலத்தோடு, மீதி இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, இடத்துக்கு ஏற்பப் பத்திகள் கூடும், குறையும். ஒரு பெயர் இரண்டு வரியானால் அந்த வரிசை முழுவதும் சேர்ந்து உயரும். பக்கத்துப் பெயர்களோடு உள்ள நேர்க்கோடு கலையாது. மல்டி-காலத்தில் அந்த ஒழுங்கு கிடைக்காது.

இன்னொன்று, மல்டி-காலத்தின் சமன்செய்யும் கணக்கு எல்லா எண்ணிக்கைக்கும் அழகாக வராது. மிளகு நண்பர் மலை ஊர்களுக்குத் தனிப் பட்டியல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஏற்காடு, செம்மநத்தம், தலைச்சோலை, நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வாழவந்தி, வெள்ளக்கடை, வேலூர். ஒன்பது பெயர்கள். இதை நான்கு பத்தியாகப் போடச் சொன்னால் உலாவி என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வரி உயரத்தில் எட்டுப் பெயர்கள்தாம் அடங்கும். எனவே உயரத்தை மூன்று வரியாக்கும். அப்புறம் மூன்று, மூன்று, மூன்று என்று முதல் மூன்று பத்திகளிலேயே எல்லாப் பெயர்களும் தீர்ந்து, நான்காம் பத்தி வெறுமையாக நிற்கும். பார்ப்பவர் ஏதோ ஏறாமல் போய்விட்டது என்று பக்கத்தை மறுபடியும் திறப்பார்.

ஓமலூர் அச்சகம்:

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு வார்த்தை. அகர வரிசைப் பட்டியலை வாசகர் கண் மேலிருந்து கீழாகத்தான் தேடும்; அகராதியைக் குறுக்கே படிப்பவர் எவரும் இல்லை. கிரிடில் அ, ஆ என்று குறுக்கே ஓடினால் வாழப்பாடிக்காரர் தம் ஊரை எங்கே தேடுவார்?

சூரமங்கலம் ஜங்ஷன்:

அதற்கும் வழி உண்டு, ஐயா. ‘கிரிட்-ஆட்டோ-ஃப்ளோ: காலம்’ என்று கொடுத்தால் கிரிடும் மேலிருந்து கீழாகவே நிரப்பும்.

செவ்வாய்ப்பேட்டை:

நிரப்பும், ஆனால் எத்தனை வரிசை என்று நீங்கள் சொல்ல வேண்டும். 46 பெயருக்கு மூன்று பத்தி என்றால் 16 வரிசை என்று எழுதுவீர்கள். பெயர்கள் 48 வரை கூடினாலும் சிக்கல் இல்லை. 49-ஆவது ஊர் சேர்ந்தவுடன், யாரும் கேட்காத நான்காம் பத்தி ஒன்று வலப்பக்கம் முளைக்கும். அதைத் தவிர்க்க 17 என்று மாற்ற வேண்டும். கைபேசியில் ஒரே பத்தி வேண்டுமென்றால் அதற்கு வேறு மீடியா கொரி. இந்தத் தம்பி கேட்டதே பெயர் சேர்க்கும்போது எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம் என்றுதான். எண்ணும் வேலையை மூலத்திலிருந்து எடுத்து நடைத்தாளில் வைத்துவிட்டு, தீர்வு கண்டதாகச் சொல்லக் கூடாது.

ஒன்பது பெயர், நான்கு பத்தி என்ற கணக்கு சரியானதே, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் அதிகபட்சம் மூன்று என்றுதான் எழுதியிருந்தேன். ஒன்பது மூன்றில் சரியாக விழுகிறது. 46 பெயர்கள் மூன்றில் 16, 16, 14 என்று விழும். கடைசிப் பத்தி சற்றுக் குட்டையாக இருப்பது அகர வரிசைப் பட்டியலுக்கு இயல்புதான், பட்டியல் அங்கே முடிகிறது என்பதைக் காட்டவும் செய்கிறது. அதோடு, சிறு பட்டியலை நான்காகச் சிதறடிப்பதால் வாசகருக்கு லாபம் எதுவும் இல்லை. பத்துப் பெயருக்குக் குறைவாக இருந்தால் பத்தியே வேண்டாம் என்பது என் கட்சி.

உலாவி ஆதரவைப் பற்றிய தயக்கமும் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2005-இல் வந்த 1.5 பதிப்பிலேயே தனக்குரிய முன்னொட்டோடு மல்டி-காலத்தை வைத்திருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர்கூட 2012-இல் பத்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்காவது ஒரு பழைய கருவியில் வேலை செய்யாவிட்டாலும் ஒற்றைப் பத்திப் பட்டியலாகத் தெரியுமே ஒழிய எதுவும் கெட்டுப்போகாது. கொண்டை ஊசி வளைவில் சிக்னல் அறுந்து நடைத்தாள் வராமல் போனாலும் இதே கதைதான்.

கன்னங்குறிச்சி:

இருவரும் கண்ணால் பார்ப்பவரை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் பக்கத்தை ஒலியாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் கொண்டு பக்கங்களைச் சோதிக்கும் வேலை செய்பவள். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

திரைவாசிப்பான் மூலத்தில் உள்ள வரிசையையே படிக்கும்; பத்தி எத்தனை என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பட்டியல் ஒன்றாக இருந்தால் ‘46 உருப்படிகள் கொண்ட பட்டியல்’ என்று ஒரே அறிவிப்பு வரும். மூன்றாக வெட்டியிருந்தால் மூன்று முறை அறிவிக்கும். கேட்பவர் முதல் பட்டியலோடு ஊர்கள் முடிந்துவிட்டன என்று எண்ணிப் போய்விடுவார். ஆகவே செவ்வாய்ப்பேட்டை ஐயா முதலில் சொன்னது வெறும் எழுதும் வசதிக்கான செய்தி அன்று. கிரிட் பயன்படுத்துபவர்கள் ‘ஆர்டர்’ என்ற பண்பால் பெயர்களை இடம் மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெயரும் இணைப்பாக இருந்து, விசைப்பலகையில் டேப் அழுத்தி நகரும்போது குறி இங்கும் அங்கும் தாவினால் எவருக்கும் தலை சுற்றும்.

புள்ளிகள் வேண்டாம் என்று ‘லிஸ்ட்-ஸ்டைல்: நன்’ கொடுப்பவர்கள் கவனிக்க: சஃபாரியில் வாய்ஸ்ஓவர் என்ற ஆப்பிளின் திரைவாசிப்பான் அதைப் பட்டியலாகவே அறிவிக்காது. வழிகாட்டு இணைப்புகளுக்கான ‘நேவ்’ உறுப்புக்குள் இருந்தால் அறிவிக்கும். மற்ற இடங்களில் ‘யுஎல்’-க்கு ‘ரோல்’ பண்பில் ‘லிஸ்ட்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

அளவுகளை ‘எம்’-இல் கொடுத்ததை வரவேற்கிறேன். கண் மங்கியவர் உலாவியின் எழுத்தளவை இரட்டிப்பாக்கினால் 14எம் என்பதும் இரட்டிப்பாகும். மூன்று பத்தி ஒன்றாகவோ இரண்டாகவோ இறங்கிவிடும். பிக்சலில் கொடுத்திருந்தால் எழுத்து மட்டும் பெருத்துப் பத்தி அப்படியே நிற்கும். இதில் ஜங்ஷன் தம்பியின் கிரிட் வரியில் ஒரு குறை உண்டு: 32 பிக்சல் எழுத்தளவில் 14எம் என்பது 448 பிக்சல். 320 பிக்சல் அகலமே உள்ள திரையில் கிரிட் அந்தக் குறைந்தபட்சத்தை விட்டுக்கொடுக்காமல் பக்கத்தைத் தாண்டி வெளியே நீளும். மல்டி-காலத்தில் ஒற்றைப் பத்தி, இருக்கும் இடத்துக்குள் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

சூரமங்கலம் ஜங்ஷன்:

அக்கா சொல்வது சரி. 14எம் என்ற இடத்தில் ‘மின்(100%, 14எம்)’ என்று எழுதிவிட்டால் அந்தக் குறை நீங்கும். நான் சுருக்கத்துக்காக விட்டிருந்தேன்.

ஏற்காட்டு மிளகு:

அனைவருக்கும் நன்றி. பட்டியலை ஒன்றாக்கி, ‘காலம்ஸ்’ வரியைச் சேர்த்துப் பார்த்தேன்; கைபேசியில் ஒற்றைப் பத்தியாகவும் கணினியில் மூன்றாகவும் நிற்கிறது. ஆனால் கணினியில் முதல் பத்தி மட்டும் மற்ற இரண்டைவிடச் சற்றுக் கீழிறங்கித் தொடங்குகிறது. எண்ணிட்ட பட்டியலாக மாற்றிப் பார்த்தபோது இரண்டாம் பத்தியின் எண்கள் முதல் பத்தியின் பெயர்களோடு உரசுகின்றன. நடுத்தர அகலத்தில் பெத்தநாயக்கன்பாளையம் இன்னமும் அடங்க மறுக்கிறது. இதற்கெல்லாம் என்ன காரணம்?

செவ்வாய்ப்பேட்டை:

முதல் பத்தி இறங்குவதற்குக் காரணம், நீங்கள் ‘எல்ஐ’-க்குக் கொடுத்திருக்கும் மேல் மார்ஜின். பத்தி முறியும் இடத்தில், முறிவை ஒட்டிய மார்ஜினை உலாவி துண்டித்துவிடும். எனவே இரண்டாம், மூன்றாம் பத்திகளின் முதல் பெயர்கள் மேல் விளிம்பிலேயே ஒட்டிக்கொள்கின்றன. முதல் பத்தியின் தலையில் முறிவு எதுவும் இல்லாததால் அங்கே மார்ஜின் அப்படியே நிற்கிறது. மேல் மார்ஜினை நீக்கிவிட்டு அந்த இடைவெளியைக் கீழ் மார்ஜினாகக் கொடுங்கள், மூன்றும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

எண்கள் உரசுவதற்கு வேறு காரணம். பட்டியலின் எண்ணோ புள்ளியோ இயல்பில் ‘எல்ஐ’ பெட்டிக்கு வெளியே, இடப்புறம் நிற்கும். முதல் பத்தியில் அதற்குப் பட்டியலின் இடது பேடிங் (பெட்டிக்குள் விடும் இடைவெளி) இடம் கொடுக்கிறது. இரண்டாம் பத்திக்கு அப்படி எதுவும் இல்லை, அது இடைவெளிக்குள்தான் போய் நிற்க வேண்டும். பட்டியலின் பேடிங்கைச் சுழியமாக்கி, ஒவ்வொரு ‘எல்ஐ’-க்கும் 2எம் இடது மார்ஜின் கொடுத்துவிட்டால் எல்லாப் பத்திகளும் ஒரே மாதிரி ஆகும். ‘லிஸ்ட்-ஸ்டைல்-பொசிஷன்: இன்சைடு’ என்றும் சொல்லலாம், ஆனால் பெயர் மடிந்தால் இரண்டாம் வரி எண்ணுக்கு அடியில் வந்துவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை. எண்ணைத் தமிழ் எண்களாகவும் காட்டலாம்: ‘லிஸ்ட்-ஸ்டைல்-டைப்’ பண்பில் ‘தமிழ்’ என்ற மதிப்பு உண்டு. அது பத்தை ௰ என்று எழுதாமல் ௧௦ என்றே எழுதும். ஊர்ப் பட்டியலுக்கு எண்ணே எதற்கு என்பது வேறு கேள்வி.

இவற்றோடு ‘எல்ஐ’-க்கு ‘பிரேக்-இன்சைடு: அவாய்டு’ என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரிப் பெயர் ஒன்று, முதல் வரி ஒரு பத்தியின் அடியிலும் இரண்டாம் வரி அடுத்த பத்தியின் தலையிலுமாக முறியக்கூடும்.

சூரமங்கலம் ஜங்ஷன்:

பெத்தநாயக்கன்பாளையத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் கிரிடுக்கும் மல்டி-காலத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே பெயரில் தெரிகிறது. இடைவெளியே இல்லாத ஒற்றைச் சொல். தமிழ் எழுத்துகளின் அகலத்தில் பத்து எம்-ஐத் தாண்டிவிடும். மல்டி-காலத்தில் பத்தியின் அகலம் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், சொல் அடங்காவிட்டால் பத்தி விரியாது, சொல்தான் வெளியே வழிந்து அடுத்த பத்தியின் மேல் ஏறும். கிரிடில் வெறும் ‘1எஃப்ஆர்’ என்று கொடுத்தால், உள்ளே இருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே பத்தி ஒடுங்காது. அந்தப் பத்தி மட்டும் பெருத்து மற்றவற்றை நெருக்கும். இரண்டுமே சங்கடந்தான்.

பலரும் இதற்கு ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத் தமிழில் செய்யவே கூடாது. இடம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாச் சொற்களையும் வரி நிரம்பிய இடத்தில் அது வெட்டும்; ‘ம்’ மட்டும் அடுத்த வரியில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பல பக்கங்களில் பார்த்திருக்கிறேன். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ என்பது சற்று மேல், வேறு வழியே இல்லாதபோதுதான் வெட்டும். ஆனால் எங்கே வெட்டுவது என்பது அதற்கும் தெரியாது. நல்ல வழி, மூலத்திலேயே ‘பெத்தநாயக்கன்’ என்பதற்கும் ‘பாளையம்’ என்பதற்கும் நடுவே ‘டபிள்யூபிஆர்’ குறியை இடுவது. இடம் இருந்தால் சொல் முழுதாக நிற்கும், இல்லாவிட்டால் ‘பாளையம்’ மட்டும் கீழே இறங்கும். அயோத்தியாப்பட்டணத்துக்கும் ‘பட்டணம்’ முன்னால் ஒன்று வையுங்கள். நம் வட்டாரத்துப் பெயர்களில் பாதி பட்டியிலும் பாளையத்திலும் பேட்டையிலும்தானே முடிகின்றன; வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பத்தி அகலத்தை ‘சிஎச்’ அலகில் கொடுக்கச் சொல்லும் ஆங்கிலக் குறிப்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அலகு 0 என்ற இலக்கத்தின் அகலத்தை வைத்து அளப்பது. ‘ணை’, ‘ளை’ போன்றவை அதைப்போல் சில மடங்கு அகலமானவை. ‘20சிஎச்’ என்றால் இருபது தமிழ் எழுத்து அடங்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கன்னங்குறிச்சி:

அகர வரிசை என்று திரும்பத் திரும்பப் பேசுகிறோம். பட்டியல் உண்மையிலேயே அகர வரிசையில்தான் இருக்கிறதா என்று மிளகுத் தம்பி பார்த்துக்கொள்வது நல்லது. ஒருங்குறி (யூனிகோடு) எண்களின்படி வரிசைப்படுத்தும் கருவிகளில் ‘ந’-வுக்கு அடுத்தே ‘ன’ வந்துவிடும். அப்படிச் செய்தால் அன்னதானப்பட்டி முதலிலும், அம்மாபேட்டை, அயோத்தியாப்பட்டணம், அரியானூர், அழகாபுரம் அதற்குப் பின்னும் நிற்கும். நாம் பள்ளியில் படித்த வரிசையில் ழ, ள, ற, ன என்று ‘ன’ கடைசி. ஆகவே அன்னதானப்பட்டி அழகாபுரத்துக்குப் பிறகே வர வேண்டும். அதற்கும் பின்னால்தான் வடவெழுத்து உள்ள அஸ்தம்பட்டி. அதேபோல் ஜாகீர் அம்மாபாளையம் ஒருங்குறி எண்ணில் தாதகாப்பட்டிக்கு முன்னால் வரும். தமிழ் முறையில் ‘வ’-வில் தொடங்கும் ஊர்கள் எல்லாம் முடிந்த பிறகு வரும்.

ஒற்றைப் பத்தியில் இது அவ்வளவாக உறுத்தாது. பத்திகளாகப் பிரித்ததும் வாசகர் ஒவ்வொரு பத்தியின் தலையையும் பார்த்து எந்தப் பத்தியில் தேடுவது என்று முடிவு செய்கிறார். அங்கே வரிசை பிசகினால் தம் ஊர் இல்லை என்றே முடிவுகட்டிவிடுவார். ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டல்.கொலேட்டர்’ என்பதற்குத் தமிழ் என்று மொழியைச் சொன்னால் நம் வரிசையில் அடுக்கித் தரும். அதை வாசகரின் உலாவியில் ஓட்ட வேண்டியதில்லை. பக்கத்தை ஏற்றுவதற்கு முன் உங்கள் கணினியிலேயே ஒருமுறை ஓட்டி, விடையை மூலத்தில் வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டு மிளகு:

அக்கா சொன்னதைப் பார்த்தபின் பட்டியலைத் திறந்தேன். அன்னதானப்பட்டிதான் தலையில் இருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

இன்னும் ஒரு கேள்வி. ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும் இடத்தில் அ, ஆ, ஓ, க என்று சிறு தலைப்பு வைக்க விரும்புகிறேன். வைத்தால், தலைப்பு ஒரு பத்தியின் அடியிலும் அதற்குரிய ஊர்கள் அடுத்த பத்தியிலுமாகப் பிரிந்துவிடுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை:

எழுத்து வாரியாக ஒவ்வொரு குழுவையும் ஒரு பெட்டியில் இட்டு, பெட்டியை முறியாமல் வைக்கலாம் என்று சொல்வார்கள். ஊர்ப் பெயர்களில் அது சரிப்படாது. க-வும் ச-வும் ப-வும் மிகப் பெரிய குழுக்கள். அவற்றை முறிக்கக் கூடாது என்று கட்டிப்போட்டால் ஒரு பத்தி ஆளுயரத்துக்கும் மற்றொன்று முழங்காலளவுக்கும் நிற்கும்.

தலைப்பைத் தனி உருப்படியாக்காமல், அந்த எழுத்தில் தொடங்கும் முதல் ஊரின் ‘எல்ஐ’-க்குள்ளேயே பெயருக்கு மேல் ஒரு ‘ஸ்பேன்’ ஆக வைத்து, அதற்கு ‘டிஸ்பிளே: பிளாக்’ கொடுங்கள். ‘எல்ஐ’ முறியாது என்று ஏற்கெனவே சொல்லியிருப்பதால் எழுத்தும் முதல் ஊரும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். மீதிப் பெயர்கள் எங்கே வேண்டுமானாலும் முறியட்டும். உருப்படிகளின் எண்ணிக்கையும் மாறாது என்பதால் கன்னங்குறிச்சி அம்மையாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கன்னங்குறிச்சி:

கோபம் இல்லை. அந்த ‘ஸ்பேன்’-க்கு ‘ஏரியா-ஹிடன்’ என்பதையும் வைத்துவிட்டால், ‘அ அம்மாபேட்டை’ என்று திரைவாசிப்பான் திக்கிப் படிப்பதும் நின்றுவிடும்.

சூரமங்கலம் ஜங்ஷன்:

ஊர்ப் பெயருக்கு மல்டி-காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் மட்டும் உள்ள, மேலிருந்து கீழாகத் தேடப்படும் பட்டியல் அது. ஆனால் அதே பக்கத்தில் காப்பிக்கொட்டை, மிளகு எல்லாம் படத்தோடும் எடையோடும் விலையோடும் வரும் அல்லவா? அங்கே யாரும் அகர வரிசையில் தேடப் போவதில்லை, குறுக்கே பார்த்து ஒப்பிடுவார்கள். அதற்குக் கிரிட்தான். ஒவ்வோர் அட்டையிலும் பெயர் ஒரு கோட்டிலும் விலை ஒரு கோட்டிலும் நிற்க ‘சப்கிரிட்’ கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2019-இலும் சஃபாரி 2022-இலும் குரோம் 2023-இலும் அதை ஏற்றுக்கொண்டன. பழைய குரோம் வைத்திருப்பவருக்குக் கோடுகள் சற்று ஏறி இறங்கித் தெரியும், அவ்வளவுதான்.

கன்னங்குறிச்சி:

படம் இருந்தால் சரி. படம் இல்லாமல் பெயர், எடை, விலை மட்டும் என்றால் அது பட்டியலே அன்று, அட்டவணை. ‘டேபிள்’ என்ற உறுப்பு இருக்கும்போது அதைச் சப்கிரிட் கொண்டு வரைந்து காட்ட வேண்டியதில்லை. அட்டவணையாக இருந்தால் விலையைப் படிக்கும்போது அது எந்தத் தலைப்பின்கீழ் உள்ளது என்பதையும் திரைவாசிப்பான் சேர்த்துச் சொல்லும்.

சூரமங்கலம் ஜங்ஷன்:

அட்டவணை கைபேசியில் படும் பாட்டைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்கிறீர்களே, அக்கா. மூன்று பத்தி அட்டவணை அடங்கும் என்பீர்கள். சித்தப்பா நாளைக்கே வறுத்தது, வறுக்காதது, அரைத்தது என்று மூன்று விலை கேட்பார். நான் படத்தோடு கிரிட் என்பதில் நிற்கிறேன்.

ஏற்காட்டு மிளகு:

விலைப் பகுதியைச் சித்தப்பாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்ப் பட்டியலை அவர் தாளில் அச்சடித்து வண்டிக் கண்ணாடியிலும் கடைகளிலும் ஒட்ட விரும்புகிறார். உலாவியிலிருந்து நேராக அச்சடித்தால் பத்திகள் தாளிலும் நிற்குமா?

ஓமலூர் அச்சகம்:

நிற்கும், தனியாக எதுவும் தட்டச்சு செய்ய வேண்டாம். ‘மீடியா பிரின்ட்’ என்ற பகுதியில் ‘காலம்ஸ்: 3’ என்று அகலம் குறிப்பிடாமல் எழுதி, இடைவெளியை 6 மில்லிமீட்டராகக் கொடுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரு ஓரமும் 15 போனால் 180. இரண்டு இடைவெளிக்கு 12 கழித்தால் ஒரு பத்திக்கு 56 மில்லிமீட்டர் வரும். 14 புள்ளி எழுத்தில் பெத்தநாயக்கன்பாளையம் அதற்குள் நெருக்கி நிற்கலாம், நிற்காமலும் போகலாம்; எழுத்துருவைப் பொறுத்தது. அந்த ‘டபிள்யூபிஆர்’ குறி அச்சிலும் வேலை செய்யும் என்பதால் கவலை வேண்டாம். பத்திகளுக்கு நடுவே கோடு வேண்டுமானால் ‘காலம்-ரூல்’ கொடுங்கள். பின்னணி நிறங்களை உலாவி வழக்கமாக அச்சிடாது, இந்தக் கோட்டை அச்சிடும். வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவதென்றால் இரண்டு பத்தி, 18 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 46 பெயர்கள் பத்திக்கு 23 வரியாக ஒரே பக்கத்தில் அடங்கும்.